மெயினை இன்னொரு கிளாஸிலிருந்து அழைத்தால் என்ன நடக்கிறது?

ஜாவா கற்கத் தொடங்குபவர் எழுதும் ஒவ்வொரு கோப்பிலும் ஒரு மெயின் மெத்தட், அதாவது நிரல் ஓடத் தொடங்கும் செயல்பாடு, இருக்கும். வட்டி கணக்கிட ஒரு கிளாஸ், மதிப்பெண் அறிக்கை அச்சிட இன்னொரு கிளாஸ் என்று கோப்புகள் பெருகிய பிறகு, இவற்றையெல்லாம் ஒரு பட்டியலாகக் காட்டி, பயனர் தேர்ந்தெடுப்பதை இயக்கும் மூன்றாவது கிளாஸ் ஒன்று தேவைப்படும். முதல் இரண்டுக்கும் வட்டி, அறிக்கை என்றும், மூன்றாவதற்கு முகப்பு என்றும் பெயர் வைப்போம். அந்த மூன்றாவது கிளாஸிலிருந்து வட்டியின் மெயினை அழைக்க முடியுமா என்ற கேள்வி அப்போது எழுகிறது. முடியும். ஒரே வரி போதும் (ஆர்க்ஸ் என்பது மெயினுக்கு அனுப்பும் ஸ்டிரிங் அணி, அதாவது சொற்களின் வரிசை):

வட்டி.மெயின்(ஆர்க்ஸ்);

கிளாஸுக்குத் தமிழ்ப் பெயர் வைத்திருப்பது இந்தக் கட்டுரைக்கான ஏற்பாடு என்று நினைக்க வேண்டாம். ஜாவா தொடக்கத்திலிருந்தே யூனிகோடை அடிப்படையாகக் கொண்ட மொழி. ‘வட்டி’ என்ற பெயரில் கிளாஸ் எழுதினால் கம்பைலர் அப்படியே ஏற்றுக்கொள்ளும். மெயின் என்ற பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் தந்தாக வேண்டும், ஏனென்றால் ஜாவாவைத் தொடங்கிவைக்கும் நிரல் அந்தப் பெயரைத்தான் தேடும்.

இந்த ஒரு வரி விடையோடு பெரும்பாலான விளக்கங்கள் நின்றுவிடுகின்றன. அதில்தான் எனக்கு மனக்குறை. அந்த வரி தவறில்லாமல் கம்பைல் ஆகும், ஓடவும் செய்யும். ஆனால் அதை எழுதியவர், வட்டி நிரலைத் தனியாக இயக்கினால் நடப்பதெல்லாம் இங்கும் நடக்கும் என்று எதிர்பார்க்கிறார். அது நடப்பதில்லை. ஏன் நடப்பதில்லை என்று தெரிந்துகொண்டால், மெயினுக்குள் எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்பதும் தெரிந்துவிடும்.

மெயின் என்பது ஜாவாவின் ஒதுக்கப்பட்ட சொல் கிடையாது. பப்ளிக், ஸ்டாடிக், வாய்ட் மூன்றும் மொழிக்கே உரிய சொற்கள். மெயின் நாம் வைக்கும் மற்ற மெத்தட் பெயர்களைப் போன்ற ஒரு பெயர். கம்பைலர் அதற்குத் தனி மரியாதை எதுவும் தருவதில்லை. மரியாதை தருவது ஜாவா கட்டளையின் பின்னால் இருக்கும் தொடக்க நிரல். சி மொழியில் எழுதப்பட்ட அந்தச் சிறிய நிரல் முதலில் ஜேவிஎம்மை, அதாவது ஜாவா நிரலை ஓட்டும் மெய்நிகர் இயந்திரத்தை, உருவாக்குகிறது. பிறகு நாம் சொன்ன கிளாஸை ஏற்றி, ஸ்டிரிங் அணியை வாங்கிக்கொண்டு எதையும் திருப்பித் தராத மெயின் என்ற ஸ்டாடிக் மெத்தட் அதில் இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால், கட்டளை வரியில் நாம் தந்த சொற்களை அணியாக்கி அதற்கு அனுப்பி அழைக்கிறது. மெயின் முடிந்ததும் உடனே ஜேவிஎம்மை மூடிவிடுவதில்லை. த்ரெட்டுகள் என்பவை நிரலுக்குள் இணையாக ஓடும் இழைகள்; பின்னணி த்ரெட்டுகள் தவிர மற்ற எல்லா த்ரெட்டுகளும் முடியும்வரை காத்திருந்து மூடுகிறது. மெயினிலிருந்து பிடிபடாத எக்ஸெப்ஷன் (பிழை அறிவிப்பு) வெளியே வந்திருந்தால், இயங்குதளத்துக்கு 1 என்ற முடிவு எண்ணைத் தருகிறது.

சி மொழியில் மெயின் ஒரு முழு எண்ணைத் திருப்பித் தரும். அதுவே நிரலின் முடிவு எண். ஜாவாவில் மெயின் முடிவதும் நிரல் முடிவதும் இரண்டு வேறு நிகழ்வுகள். மெயின் கிளப்பிவிட்ட த்ரெட் ஒன்று மணிக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கலாம். ஆகவே மெயின் எதையும் திருப்பித் தராது. முடிவு எண் தர விரும்பினால் சிஸ்டம்.எக்சிட் என்ற மெத்தட்டைத் தனியாக அழைக்க வேண்டும். இந்த ஏற்பாடுதான் பின்னால் பெரிய தலைவலிக்குக் காரணமாகிறது. சி-யில் அணியின் முதல் உறுப்பாக நிரலின் பெயரே வரும், ஜாவாவில் வராது என்பது இன்னொரு வேறுபாடு.

நாம் வட்டி.மெயின் என்று எழுதும்போது அந்தத் தொடக்க நிரல் செய்த வேலைகளில் கடைசி ஒன்றை மட்டும்தான் செய்கிறோம். ஒரு ஸ்டாடிக் மெத்தட்டை அழைக்கிறோம். புதிய ஜேவிஎம் வருவதில்லை, புதிய நினைவகம் வருவதில்லை, புதிய த்ரெட்டும் வருவதில்லை. அழைத்த மெயின் அந்த வரியிலேயே நின்று, வட்டியின் மெயின் முடிந்த பிறகே அடுத்த வரிக்குப் போகும். வட்டிக்குள் ஒரு பிழை நேர்ந்து எக்ஸெப்ஷன் எழுந்தால், திரையில் விழும் அழைப்புத் தடத்தில் இரண்டு மெயின்களும் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதைக் காணலாம். இரண்டு மெயின்கள் ஒன்றையொன்று அழைத்துக்கொண்டால் அடுக்கு நிரம்பி, ஸ்டேக்ஓவர்ஃப்ளோ பிழையோடு நிற்கும். பட்டியல் காட்டும் நிரல்களில் இப்படி ஒன்றையொன்று அழைப்பது சாதாரணமாக நடக்கிறது: வேலை முடிந்ததும் முகப்புக்குத் திரும்ப வேண்டும் என்பதற்காக வட்டியின் இறுதியில் முகப்பு.மெயின் என்று எழுதிவிடுகிறார்கள். திரும்புவதற்கு அங்கே எதையும் எழுத வேண்டியதில்லை. மெத்தட் முடிந்தாலே கட்டுப்பாடு முகப்புக்கு வந்துவிடும்.

ஸ்டாடிக் மாறிகளுக்கு, அதாவது தனித்தனிப் பொருள்களுக்கன்றி கிளாஸுக்கே உரிய மாறிகளுக்கு, வருவோம். வட்டி கிளாஸில் ‘மொத்தம்’ என்ற ஸ்டாடிக் மாறி 0-வில் தொடங்குகிறது என்று கொள்வோம். தனியாக இயக்கும்போது ஒவ்வொரு முறையும் அது 0-விலிருந்தே தொடங்கும், ஏனென்றால் ஒவ்வொரு முறையும் ஜேவிஎம் புதியது. முகப்பிலிருந்து இரண்டு முறை அழைத்தால், இரண்டாம் முறை முதல் முறையின் மொத்தத்தின் மேலேயே கூட்டல் நடக்கும். ஒரு கிளாஸின் ஸ்டாடிக் தொடக்க வரிகள், அந்தக் கிளாஸ் ஏற்றப்பட்டபின் ஒரே ஒருமுறைதான் ஓடும். மெயினை எத்தனை முறை அழைத்தாலும் மறுபடி ஓடாது. விடை தவறாக வருவதைப் பார்த்துக் கணக்கு வாய்பாட்டில் பிழை தேடுபவர் நெடுநேரம் தேட வேண்டியிருக்கும்.

விசைப்பலகை உள்ளீடு இதைவிடச் சிக்கலானது. வட்டி, அறிக்கை இரண்டும் தத்தம் மெயினுக்குள், உள்ளீட்டைப் படித்துத் தரும் ஸ்கேனர் ஒன்றை, விசைப்பலகை உள்ளீடு வரும் சிஸ்டம்.இன் மீது உருவாக்கிக்கொள்கின்றன. திறந்ததை மூட வேண்டும் என்று நல்ல பழக்கமாகச் சொல்லித் தரப்பட்டிருப்பதால், வட்டி தன் மெயினின் கடைசி வரியில் ஸ்கேனரை மூடுகிறது. ஸ்கேனரை மூடினால் அதன் அடியில் இருக்கும் சிஸ்டம்.இன்-உம் மூடப்படும். சிஸ்டம்.இன் ஜேவிஎம் முழுமைக்கும் ஒன்றுதான். மூடியதைத் திரும்பத் திறக்க வழியில்லை. அடுத்து அழைக்கப்படும் அறிக்கை ஒரு வரியைப் படிக்க முயலும்போது நோசச்எலிமென்ட் எக்ஸெப்ஷன் எழும். அறிக்கையில் ஒரு பிழையும் இல்லை, வட்டியிலும் தனியாகப் பார்த்தால் பிழை இல்லை.

மூடாமல் விட்டால் தீர்ந்ததா என்றால், பாதிதான் தீரும். ஸ்கேனர் தனக்குத் தேவையான ஒரு வரியை மட்டும் எடுப்பதில்லை. கிடைப்பதை முன்கூட்டியே அள்ளித் தன் இடையகத்தில் வைத்துக்கொள்கிறது. விசைப்பலகையில் ஒருவர் தட்டும்போது ஒரு நேரத்தில் ஒரு வரிதான் கிடைக்கும் என்பதால் இது வெளியே தெரியாது. அதே உள்ளீட்டை ஒரு கோப்பிலிருந்து திருப்பிவிட்டால், முதல் ஸ்கேனர் பல வரிகளைச் சேர்த்து விழுங்கிவிடும். இரண்டாவது ஸ்கேனருக்கு ஒன்றும் மிஞ்சாது. மாணவர் தன் கணினியில் தட்டிப் பார்த்தபோது ஓடிய நிரல், உள்ளீட்டைக் கோப்பாக அனுப்பும் திருத்தும் கருவியில் விழுந்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரே ஸ்கேனரை உருவாக்கி, தேவைப்படும் மெத்தட்டுகளுக்கு அதைக் கைமாற்றித் தருவதே இதற்குச் சரியான தீர்வு. ஆனால் மெயினுக்கு ஸ்கேனரை அனுப்ப முடியாது, அது ஸ்டிரிங் அணியைத் தவிர வேறெதையும் வாங்காது. ஆக, வேலையை மெயினிலிருந்து வெளியே எடுத்து வேறொரு மெத்தட்டில் வைத்தே ஆக வேண்டும்.

அடுத்தது சிஸ்டம்.எக்சிட். தனியாக ஓடும் நிரலில், உள்ளீடு தவறாக இருந்தால் ஒரு செய்தியை அச்சிட்டுவிட்டு எக்சிட் அழைப்பது முறையான செயல். அதே வரி அழைக்கப்பட்ட மெயினுக்குள் இருந்தால், விருந்துக்கு வந்தவர் கிளம்பும்போது வீட்டின் மின்சாரத்தையே அணைத்துவிட்டுப் போவதைப் போலாகிவிடும். ஜேவிஎம் முழுவதும் நிற்கும். அழைத்தவர் ட்ரை, ஃபைனலி என்று எத்தனை கவசங்கள் போட்டிருந்தாலும் அவை ஓடாது, ஏனென்றால் எக்சிட் அழைப்பிலிருந்து கட்டுப்பாடு திரும்பி வருவதே இல்லை. மூடும்போது ஓடும்படி பதிந்துவைத்த கொக்கிகள் மட்டும் ஓடும்.

இது மாணவர்களுக்கு மட்டும் உரிய சிக்கல் என்று எண்ணிவிடக் கூடாது. ஜாவாவின் சொந்தக் கம்பைலருக்கே இது நேர்ந்தது. ஜாவாசி கம்பைலரே ஜாவாவில் எழுதப்பட்டது. அதற்கும் மெயின் இருக்கிறது. கட்டளை வரியில் இயக்குபவருக்கு முடிவு எண் வேண்டும் என்பதால், அந்த மெயினின் இறுதியில் எக்சிட் இருக்கிறது. நிரல்களைக் கட்டியெழுப்பும் ஆன்ட் போன்ற கருவிகளோ, கம்பைலரைத் தங்கள் ஜேவிஎம்முக்குள்ளேயே இயக்க விரும்பின. ஒவ்வொரு முறையும் தனி ஜேவிஎம் தொடங்கினால் நேரம் வீணாகும். மெயினை அழைத்தால் கம்பைல் முடிந்த கணமே ஆன்ட்டும் சேர்ந்து செத்துவிடும். நல்லவேளையாக, ஜாவாசியின் மெயின் கிளாஸில் கம்பைல் என்ற பெயரில் இன்னொரு ஸ்டாடிக் மெத்தட் இருந்தது. அதே ஸ்டிரிங் அணியை வாங்கிக்கொண்டு, முடிவு எண்ணை எக்சிட்டுக்கு அனுப்பாமல் சாதாரணமாகத் திருப்பித் தரும். மெயின் செய்வதெல்லாம் கம்பைலை அழைத்து, அது தந்த எண்ணை எக்சிட்டுக்குக் கொடுப்பது மட்டுமே. ஆன்ட் மெயினைத் தொடாமல் கம்பைலை அழைத்தது.

இந்த அமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது. மெயின் ஒற்றை வரி. வேலை முழுவதும் திருப்பித் தரும் மெத்தட்டில். பிறகு ஜாவா இதையே முறைப்படுத்தியது. 2006-இல் வந்த ஜாவா 6, கம்பைலரை நிரலுக்குள்ளிருந்து அழைப்பதற்கென்று ஜாவாகம்பைலர் என்ற இடைமுகத்தைத் தந்தது. 2017-இல் வந்த ஜாவா 9, ஜார் (கிளாஸ்களை ஒரே கோப்பாகக் கட்டும் கருவி) போன்ற பிற கருவிகளுக்கும் பொதுவான டூல்புரொவைடர் இடைமுகத்தைச் சேர்த்தது. அதன் ரன் மெத்தட்டின் வடிவத்தைக் கவனியுங்கள்: செய்திகளை எழுதுவதற்கான இடத்தை வாங்கிக்கொள்கிறது, பிழைகளை எழுதுவதற்கான இடத்தைத் தனியாக வாங்கிக்கொள்கிறது, வாதங்களை வாங்கிக்கொள்கிறது, முடிவு எண்ணைத் திருப்பித் தருகிறது. மெயின் ஜேவிஎம்மிடமிருந்து கேட்காமலே எடுத்துக்கொள்ளும் ஒவ்வொன்றையும் இங்கே அழைப்பவர் கையால் வாங்கிக்கொள்கிறது.

அப்படிப் பிரித்து எழுதாத பிறர் நிரல்களின் மெயினை அழைக்க நேர்ந்தவர்கள், நெடுங்காலம் செக்யூரிட்டி மேனேஜர் என்ற ஏற்பாட்டைப் பயன்படுத்தினார்கள். எக்சிட் அழைக்கப்படும்போது அந்த மேனேஜரிடம் அனுமதி கேட்கப்படும். அனுமதி மறுத்து ஒரு எக்ஸெப்ஷனை எழுப்பினால் ஜேவிஎம் பிழைத்துக்கொள்ளும். 2021-இல் ஜாவா 17 அதை நீக்கப்படவிருப்பதாக அறிவித்தது. 2025 மார்ச்சில் ஜாவா 24 முழுமையாகச் செயலிழக்கச் செய்தது. இன்று அந்தக் கதவு மூடிவிட்டது. எக்சிட் அழைப்புகளைத் தடுக்க விரும்புபவர், ஏஜென்ட் என்ற துணை நிரல் ஒன்றை எழுதி, கம்பைலர் தந்த பைட்கோடையே மாற்ற வேண்டிய நிலை. ஒரு பட்டியல் நிரலுக்காக யாரும் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

சில சிறிய செய்திகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அழைக்கும்போது அணிக்குப் பதிலாக நல் (எதையும் சுட்டாத வெற்று மதிப்பு) அனுப்புவது எளிதாகத் தோன்றும், ஆனால் தொடக்க நிரல் ஒருபோதும் நல் அனுப்புவதில்லை. வாதங்கள் இல்லையென்றால் நீளம் 0 உள்ள அணியையே அனுப்பும். அழைக்கப்படும் மெயின் அதன் நீளத்தைக் கேட்கும் வாய்ப்பு அதிகம், ஆகவே வெற்று அணியை அனுப்புங்கள். அந்த மெயின் எக்ஸெப்ஷன் எறியும் என்று அறிவித்திருந்தால், அழைப்பவர் அதைப் பிடிக்க வேண்டும் அல்லது தானும் அறிவிக்க வேண்டும். இல்லையேல் கம்பைலர் மறுக்கும். கிளாஸ் வேறு பேக்கேஜில் (கிளாஸ்களின் தொகுப்பில்) இருந்தால் அது பப்ளிக்காக இருக்க வேண்டும். தொடக்க நிரலுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. பப்ளிக் இல்லாத கிளாஸின் மெயினையும் அது இயக்கும் என்பதால், ‘தனியாக ஓடுகிறதே, ஏன் அழைக்க முடியவில்லை’ என்ற குழப்பம் வருகிறது.

ஜாவாஎஃப்எக்ஸ் திரைகளோடு வேலை செய்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அதன் லாஞ்ச் மெத்தட்டை ஒரு ஜேவிஎம்மில் ஒரே ஒருமுறைதான் அழைக்கலாம். முகப்பும் அறிக்கையும் தத்தம் மெயினில் லாஞ்ச் அழைத்தால் இரண்டாவது அழைப்பு எக்ஸெப்ஷனோடு முடியும். அங்கே புதிய மேடை (சாளரம்) ஒன்றைத் திறந்து காட்டுவதே வழி.

கிளாஸின் பெயர் நிரல் ஓடும்போதுதான் தெரியவரும் என்றால், பெயர் சொல்லி அழைக்க முடியாது. ரிஃப்ளெக்ஷன், அதாவது ஓடும்போதே கிளாஸையும் மெத்தட்டையும் பெயரைக் கொண்டு தேடி அழைக்கும் வசதி, வழியாகப் போக வேண்டும். கிளாஸ்.ஃபார்நேம் கொண்டு கிளாஸை எடுத்து, அதில் மெயினைத் தேடி, இன்வோக் செய்ய வேண்டும். ஸ்டாடிக் மெத்தட் என்பதால் பொருளின் இடத்தில் நல் போதும். இங்கே பலரை விழவைக்கும் குழி ஒன்று உண்டு. இன்வோக் எத்தனை வாதங்களை வேண்டுமானாலும் வாங்கும் மெத்தட். அதற்கு ஸ்டிரிங் அணியை நேராகக் கொடுத்தால், அணியின் ஒவ்வொரு உறுப்பும் தனித்தனி வாதம் என்று எடுத்துக்கொண்டு, வாத எண்ணிக்கை தவறு என்று மறுத்துவிடும். அணியை ஆப்ஜெக்ட் என்று வகைமாற்றிக் கொடுத்தால் அது ஒரே வாதமாகப் போய்ச் சேரும். உள்ளே எழும் எக்ஸெப்ஷனும் நேராக வராது. இன்வொகேஷன்டார்கெட் எக்ஸெப்ஷன் என்ற உறைக்குள் வரும், உண்மையான காரணத்தை அதற்குள் தேட வேண்டும்.

இந்த முறை தொழில் உலகில் எங்கும் பரவியிருக்கிறது. ஸ்பிரிங் பூட் என்ற சட்டகத்தைக் கொண்டு கட்டிய ஜார் கோப்பை இயக்கும்போது தொடக்க நிரல் அழைப்பது நாம் எழுதிய மெயினை அல்ல. ஜார் கோப்பின் விவரப்பட்டியலில் மெயின் கிளாஸ் என்று குறிக்கப்பட்டிருப்பது ஸ்பிரிங் பூட்டின் சொந்தக் கிளாஸான ஜார்லாஞ்சர்; நம் கிளாஸின் பெயர் தொடக்கக் கிளாஸ் என்ற வேறு வரியில் இருக்கும். ஜாருக்குள் அடைக்கப்பட்டிருக்கும் பிற ஜார்களைப் படிக்கத் தெரிந்த கிளாஸ்லோடர் (கிளாஸ்களை ஏற்றும் பகுதி) ஒன்றை அமைத்த பிறகே, ஜார்லாஞ்சர் நம் மெயினை ரிஃப்ளெக்ஷன் வழியாக அழைக்கிறது. பெருந்தரவைக் கையாளும் ஸ்பார்க்கிலும் ஹடூப்பிலும் நாம் அனுப்பும் வேலையின் மெயினை அழைப்பவை அவற்றின் கிளாஸ்களே. 2018-இல் வந்த ஜாவா 11 முதல், கம்பைல் செய்யாமலே ஒரு மூலக் கோப்பை நேரடியாக இயக்க முடிகிறது. அங்கும் ஜாவாவின் ஒரு கிளாஸ் நம் கோப்பை நினைவகத்திலேயே கம்பைல் செய்து அதன் மெயினை அழைக்கிறது. ஆகவே ஒரு மெயினை இன்னொரு கிளாஸ் அழைப்பது கூடாத செயல் என்று சொல்வோர் சொல்வது சரியில்லை. மேற்சொன்னவை யாவும் அழைப்பதற்கு முன் சூழலைத் தாங்களே அமைத்துக்கொள்கின்றன, அழைத்த மெயினிடமே ஜேவிஎம்மை ஒப்படைத்துவிடுகின்றன. முகப்பு நிரல் அப்படிச் செய்வதில்லை. வட்டி முடிந்ததும் மீண்டும் பட்டியலைக் காட்ட வேண்டும் என்று எதிர்பார்க்கிறது.

உண்மையிலேயே தனித்து ஓட வேண்டும் என்றால் தனி ஜேவிஎம் தொடங்குவதுதான் வழி. அதற்கான பிராசஸ்பில்டர் என்ற கிளாஸ் ஜாவா 5-இலிருந்து இருக்கிறது. ஜாவா கட்டளை இருக்கும் இடம், கிளாஸ்பாத் (கிளாஸ் கோப்புகளைத் தேட வேண்டிய இடங்கள்), கிளாஸின் பெயர் ஆகியவற்றைத் தந்தால் புதிய செயலாக்கம் எழும். அதன் ஸ்டாடிக் மாறிகள் அதற்கே சொந்தம். அது எக்சிட் அழைத்தால் அது மட்டும் சாகும். முடிவு எண் நமக்குக் கிடைக்கும். நினைவக அளவையும் தனியாகத் தரலாம். விலை, ஒவ்வொரு முறையும் ஜேவிஎம் எழ ஆகும் நேரமும் நினைவகமும். அதன் வெளியீட்டை யாராவது படித்தாக வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. படிக்காமல் விட்டால், குழாய் நிரம்பியதும் அந்த நிரல் எழுத முடியாமல் நிற்கும். அது முடியட்டும் என்று நாமும் நிற்போம். நம் திரையிலேயே அதன் வெளியீடு வந்தால் போதும் என்றால், ஜாவா 7-இல் சேர்ந்த இன்ஹெரிட்ஐஓ அந்தக் கவலையைத் தீர்த்துவிடும்.

பட்டியல் நிரலுக்கு இவ்வளவும் வேண்டாம். ஜாவாசி காட்டிய வழி போதும். வட்டியில் ‘கணக்கிடு’ என்று ஒரு மெத்தட். அது ஸ்கேனரை வாங்கிக்கொள்ளட்டும், முடிவைத் திருப்பித் தரட்டும், உள்ளீடு தவறானால் எக்ஸெப்ஷன் எறியட்டும். வட்டியின் மெயின் ஒரு ஸ்கேனரை உருவாக்கி அதை அழைக்கட்டும். எக்சிட் தேவையென்றால் அங்கே மட்டும் இருக்கட்டும். முகப்பு தன் ஸ்கேனரோடு ‘கணக்கிடு’ மெத்தட்டை அழைக்கட்டும். வட்டி தனியாகவும் ஓடும், முகப்பிலிருந்தும் ஓடும், சோதனை எழுதவும் எளிது.

அண்மைக் காலத்தில் மெயினின் வடிவமே மாறியிருக்கிறது. ஜாவா 21-இல் முன்னோட்டமாகத் தொடங்கி, 2025 செப்டம்பரில் வந்த ஜாவா 25-இல் நிலைபெற்ற மாற்றம் இது. மெயின் இனி ஸ்டாடிக்காக இருக்க வேண்டியதில்லை, பப்ளிக்காக இருக்க வேண்டியதில்லை, அணியை வாங்க வேண்டியதும் இல்லை. ஸ்டாடிக் இல்லாத மெயினைக் கண்டால், தொடக்க நிரலே கிளாஸின் பொருளொன்றை உருவாக்கி அதன்மேல் மெயினை அழைக்கும். நாம் அழைப்பதென்றால் பொருளை நாமே உருவாக்க வேண்டும், வட்டி.மெயின் என்ற பழைய வரி கம்பைல் ஆகாது. இன்னும் ஒருபடி மேலே போய், கிளாஸ் என்ற சொல்லே இல்லாமல் மெயினை மட்டும் கோப்பில் எழுதலாம். முதல் நாள் வகுப்பில் பப்ளிக் ஸ்டாடிக் வாய்ட் என்பதையெல்லாம் விளக்காமல் தொடங்க முடிவது, கற்பிப்பவர்களுக்குப் பெரிய நிம்மதி. அப்படி எழுதிய கோப்புக்கும் ஒரு கிளாஸை ஜாவா மறைவாக உருவாக்கிக்கொள்கிறது. ஆனால் மூல நிரலில் எங்கும் அந்தக் கிளாஸின் பெயரைச் சொல்ல முடியாது; அதன் மெயினை இன்னொரு கிளாஸிலிருந்து பெயர் சொல்லி அழைக்கவும் முடியாது. அதை வேறொரு கிளாஸிலிருந்து பயன்படுத்தும் தேவை வந்தால், கோப்பில் இருப்பவற்றைச் சுற்றி ஒரு கிளாஸ் அறிவிப்பை எழுதிப் பெயர் வைக்க வேண்டும். உள்ளே இருக்கும் மெத்தட்டுகளை மாற்ற வேண்டியதில்லை.